சிச்சா மரியானிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சிச்சா பாட்டி,

மரபணுச் சோதனை பற்றிப் பேசும்போதெல்லாம் ஆய்வகங்களையும் விஞ்ஞானிகளையும் சொல்கிறோம். பேத்தியைத் தேடி அலைந்த கலை வரலாற்று ஆசிரியையான உங்கள் பிடிவாதத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று நம் பக்கம் அதிகம் பேர் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அர்ஜென்டினாவின் லா பிளாட்டா நகரில், 30ஆம் தெருவில் உங்கள் ஒரே மகன் டேனியலும் மருமகள் டயானாவும் குடியிருந்தார்கள். முயல்கறியைப் பக்குவம் செய்து விற்கும் வீடு என்று வெளியில் பேர். பின்சுவருக்கு அப்பால் ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பத்திரிகை அச்சடித்த ரகசிய அச்சகம். 1976 நவம்பர் 24 அன்று ராணுவமும் போலீசும் அந்த வீட்டை வளைத்து மணிக்கணக்கில் சுட்டார்கள். டயானாவும் அவரோடு உள்ளே இருந்தவர்களும் செத்தார்கள். அவர்களுடைய மூன்று மாதக் குழந்தை, உங்கள் பேத்தி கிளாரா அனாயியின் உடல் மட்டும் அங்கே இல்லை. அன்று வீட்டில் இல்லாததால் தப்பிய டேனியலையும் 1977 ஆகஸ்ட் 1 அன்று கொன்றுவிட்டார்கள்.

ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அழுது ஓய்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் நீதிமன்றம், தேவாலயம், போலீஸ் என்று படியேறினீர்கள். உங்களைப் போலவே பேரப்பிள்ளைகளைத் தேடும் வேறு பெண்களும் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர்களில் ஒருவரான அலிசியா தே லா குவாத்ராவைத் தேடிப் போனீர்கள். அப்படிச் சேர்ந்து உருவான அமைப்புதான் பிளாசா தே மாயோ பாட்டிகள். உளவாளிகளின் கண்ணில் படாமலிருக்க, புவெனஸ் ஐரிஸின் தேநீர்க்கடைகளில் பிறந்தநாள் கொண்டாட வந்தவர்கள் போல உட்கார்ந்து திட்டம் போட்டீர்கள். அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்போதும் மனசு நிமிர்கிறது.

அப்புறம் அந்தக் கேள்வி. ரத்தத்தை வைத்துத் தகப்பன் யார் என்று கண்டுபிடிக்கலாம் என்று பத்திரிகையில் படித்தீர்கள். சரி, தகப்பனும் தாயும் உயிரோடு இல்லை, பாட்டி தாத்தாவின் ரத்தம் போதுமா? நாடு நாடாகப் போய் மருத்துவர்களிடம் கேட்டீர்கள். அமெரிக்காவில் மரபியல் அறிஞர் மேரி கிளேர் கிங் போன்றவர்கள் அதைக் கையில் எடுத்து, முடியும் என்று காட்டினார்கள். 1984 டிசம்பரில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அந்த முறையால் அடையாளம் காணப்பட்டுத் தன் சொந்தப் பாட்டியிடம் திரும்பினாள். தாய்வழியாக மட்டுமே இறங்கும் மைட்டோகாண்டிரியா மரபணுவும் பிறகு துணைக்கு வந்தது. ராணுவ ஆட்சியில் ஏறக்குறைய 500 குழந்தைகள் பறிக்கப்பட்டதாகப் பாட்டிகள் கணக்கிட்டார்கள். அவர்களில் 130க்கும் மேற்பட்டவர்கள் தாங்கள் யார் என்று தெரிந்துகொண்டுவிட்டார்கள்.

அவர்களில் கிளாரா இல்லை. எனக்குத் தாங்க முடியாதது இதுதான், பாட்டி. 1989 வரை அமைப்பின் தலைவியாக இருந்து எத்தனையோ பேர் வீட்டுக் குழந்தைகளைத் தேடித் தந்தீர்கள். ஒவ்வொரு முறையும் வேறொரு பாட்டி தன் பேரனைக் கட்டிக்கொள்வதைப் பார்த்து நீங்கள் மனதாரச் சந்தோஷப்பட்டிருப்பீர்கள் என்றே நம்புகிறேன். 2015 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், உங்களுக்கு 92 வயதில், கிளாரா கிடைத்துவிட்டாள் என்று செய்தி வந்தது. மறுபரிசோதனையில் இல்லை என்றாகிவிட்டது. அதற்குப் பிறகும் நீங்கள் தேடலை விடவில்லை.

கிளாராவின் 42ஆவது பிறந்தநாள் கழிந்து எட்டாம் நாள், 2018 ஆகஸ்ட் 20 அன்று, நீங்கள் காலமானீர்கள். ஆனால் உங்களைப் போன்றவர்கள் போராடியதால் 1987இல் சட்டம் போட்டு அமைத்த தேசிய மரபணு வங்கி இருக்கிறது. தேடுகிற குடும்பங்களின் ரத்தத் தகவல்களை, தேடியவர்கள் இறந்த பிறகும் அது காத்துவருகிறது. தன் பிறப்பில் சந்தேகம் வந்து ஒரு பெண் என்றைக்கு அங்கே போனாலும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

அன்புடன்,
உங்களைப் பார்த்திராத ஒரு பேத்தி