எங்கள் கதவுக்கு ஓர் இலக்கம் கொடுங்கள்

மலையகத் தோட்டங்களின் வீடமைப்புக்கும் தபாலுக்கும் உள்ளூராட்சிக்கும் பொறுப்பான அமைச்சர்கள், அதிகாரிகள் அனைவருக்கும்,

வணக்கம்.

போன மாதம் என் தங்கைக்கு அரசாங்க வேலை ஒன்றுக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் கிடைத்தது. பிரித்துத் திகதியைப் பார்த்தோம். பரீட்சை முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. உறையில் இருந்த முத்திரையைப் பார்த்தால், எங்கள் ஊர்த் தபாற்கந்தோருக்கு அது நேரத்துக்கே வந்திருக்கிறது. தோட்ட ஆபீசிலிருந்து எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒட்டிக் கட்டிய அறை வரிசைக்கு, முக்கால் மணி நேர நடை. அந்தத் தூரத்தைக் கடக்கத்தான் கடிதத்துக்குப் பதினேழு நாள் பிடித்திருக்கிறது.

காரணம் உங்களுக்குத் தெரியும். எங்கள் டிவிசனில் இருக்கிற அத்தனை குடும்பங்களுக்கும் ஒரே முகவரிதான். தோட்டத்தின் பெயர், டிவிசன், ஊர், அவ்வளவுதான். தபால் தோட்ட ஆபீசோடு நின்றுவிடும். அப்புறம் மேலே ஏறுகிற யாராவது ஒருவர் கையில் கட்டாகக் கொடுத்துவிடுவார்கள். தங்கையின் பெயரில் எங்கள் பக்கம் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், ஒருத்திக்கு முதலெழுத்தும் அதே. கடிதம் கீழ் லயத்தில் அந்தப் பிள்ளையின் வீட்டில், சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை லீவுக்கு வந்து பிரித்துப் பார்த்துவிட்டு, பதறிக்கொண்டு ஓடிவந்து கொடுத்தது. அவர்கள் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

தங்கை அழவில்லை. கடிதத்தை மடித்து, உயர்தரச் சான்றிதழ் இருக்கிற ஃபைலுக்குள் வைத்தாள். அம்மாதான் மறுநாள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகவில்லை.

அம்மா கொழுந்து நிறுக்கும்போது அவர் பெயருக்கு நேரே கிலோ பிழையில்லாமல் விழுகிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட ஆள் தெரிகிறது. சம்பளத்தில் கடன் கழிக்கவும் ஆள் தெரிகிறது. அதே ஆளின் வீட்டுக்கு ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து கொடுக்க மட்டும் ஏன் முடியவில்லை?

டவுனில் தெரிந்த கடைக்காரர் இருந்தால் சிலர் அந்த முகவரியைக் கொடுத்து விண்ணப்பிக்கிறார்கள். சொந்த வீட்டை மறைத்து இன்னொருவர் வாசலை எழுதவேண்டிய நிலை. எங்களுக்கு அப்படித் தெரிந்தவர்களும் இல்லை.

1948இன் குடியுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தம் லட்சக்கணக்கான சொந்தங்களை அங்கே கப்பலேற்றியது. மிஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் முழுப் பிரஜைகளாக 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, உள்ளே எத்தனை பேர் என்ற கணக்குக்கூட நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது. 2023இல் மலையக மக்கள் இங்கே வந்து 200 வருடம் என்று மேடை போட்டுப் பேசினீர்கள். 200 வருடம் ஒரே மலையில் இருந்தவர்களின் கதவில் ஓர் இலக்கம் இல்லை என்று அந்த மேடைகளில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். பேச ஆரம்பித்தால் நீண்டுகொண்டே போகும். சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

ஒவ்வொரு லயக் காம்பராவுக்கும், ஒவ்வொரு தனிவீட்டுக்கும் ஓர் இலக்கம் வேண்டும். பாதைக்கு ஒரு பெயர் வேண்டும். தபால் எங்கள் வாசலுக்கு வரவேண்டும். காணி கம்பனிக் குத்தகையில் இருக்கிறது என்பீர்கள். காணி உறுதி கேட்டு நாங்கள் நடத்துவது வேறு போராட்டம், அதையும் விடமாட்டோம். ஆனால் கதவில் ஓர் இலக்கம் எழுத உறுதிப் பத்திரம் எதற்கு? தோட்டத்துக்குள் பிரதேச சபைகள் செலவு செய்யச் சட்டம் இடம் தராது என்று முன்பு சொன்னார்கள். அந்தச் சட்டமும் 2018இல் திருத்தப்பட்டுவிட்டது.

கடிதம் மட்டும் இல்லை. நள்ளிரவில் பிரசவ வலி வந்து அம்புலன்சுக்குப் பேசினால் "வீட்டு நம்பர் என்ன?" என்று கேட்கிறார்கள். கோயிலைத் தாண்டி மூன்றாவது லயம் என்று சொல்கிறோம். அப்படியும் யாராவது டோர்ச்சோடு இறங்கிப்போய் ரோட்டில் நிற்க வேண்டியிருக்கிறது.

அடுத்த விண்ணப்பம் கோரும்போது தங்கை மறுபடியும் எழுதிப் போடுவாள். அதற்குள் எங்கள் டிவிசனுக்கு ஒரு முறை ஆள் அனுப்பி, கதவுகளை எண்ணச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்கு ஓர் இலக்கம் கொடுங்கள், ஐயா. தயவுசெய்து.

இப்படிக்கு,
நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றின் மேல் லயத்திலிருந்து
ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள்