விற்க மாட்டேன் என்று சொல்லும் மருந்துக்கடை அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உறையூரில் உங்கள் மெடிக்கலுக்கு மாதாமாதம் அம்மாவின் மருந்துச் சீட்டோடு வந்து நிற்பவன் எழுதுகிறேன். நேரில் சொன்னால் "அட, விடுங்க தம்பி" என்று அடுத்த ஆளின் சீட்டை வாங்கிவிடுவீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் பெயரோ கடையின் பெயரோ போடவில்லை. படித்தால் உங்களுக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் எதை வாங்கினாலும் பின்னாலேயே ஒரு மெசேஜ் வருகிறது, எங்கள் சேவை எப்படி இருந்தது என்று. சாப்பாடு கொண்டுவருகிற பையன்கூட வாசலில் தயங்கி நின்று "அண்ணா, அஞ்சு ஸ்டார் போட்டுருங்க" என்கிறான். பாவம், அவன் பிழைப்பு அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. துணிக்கடைக்குப் போனால் கதவைத் திறந்துவிட்டுக் கும்பிடுகிறார்கள், ஜூஸ் தருகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், எனக்கும் பிடிக்கும். ஆனால் நல்ல சேவை எங்கே கிடைத்தது என்று யாராவது கேட்டால் உங்கள் கடையைத்தான் சொல்லுவேன். இத்தனைக்கும் நீங்கள் அதிகம் சிரிக்கிற ஆள் இல்லை. நீங்கள் எனக்கு விற்ற மருந்தில் பாதி பெயர் மறந்துவிட்டது. விற்க மறுத்தது எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

செட் மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். காய்ச்சல், சளி என்றால் நம் ஊரில் பாதிப் பேர் டாக்டரிடம் போவதில்லை. மெடிக்கலில் போய் "ரெண்டு வேளைக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்பார்கள். நாலு நிறத்தில் நாலு மாத்திரையை ஒரு சின்னக் கவரில் போட்டுத் தருவார்கள். அதில் ஒன்று பெரும்பாலும் ஆன்டிபயாடிக்காக இருக்கும். எது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற பையனுக்கும் பல நேரம் தெரியாது. நானும் உங்களிடம் அப்படித்தான் கேட்டேன். பாராசிட்டமால் மட்டும் எடுத்து வைத்துவிட்டு, ஆன்டிபயாடிக் அட்டை ஒன்றைத் திருப்பி முதுகில் ஓடும் சிவப்புக் கோட்டைக் காட்டினீர்கள். "இந்தக் கோடு இருந்தா சீட்டு இல்லாம வாங்காதீங்க தம்பி. சளிக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸ், இது அதுல வேலை செய்யாது." அவ்வளவுதான். பிரசங்கம் கிடையாது. மூன்று நாளில் குறையவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுச் சில்லறையை எண்ணத் தொடங்கிவிட்டீர்கள்.

அதற்கப்புறம்தான் கடையில் மற்றதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி, பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் டாக்டரின் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டும். நிறையக் கடைகளில் சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் இருக்கிறது, அதற்குரிய ஆளைத்தான் காணோம். நீங்கள் உங்கள் சான்றிதழுக்குக் கீழேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். சில மருந்துகளுக்குத் தனியாக ஒரு நோட்டை எடுத்து டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று எழுதுவீர்கள். பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். கூடுதல் கண்காணிப்பு வேண்டிய மருந்துகளுக்கென்று அரசு வைத்திருக்கும் ஹெச்-1 பட்டியலில் உள்ளவற்றுக்கு அப்படி எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கூட்டம் இருக்கிறதே என்று நீங்கள் அதை ஒத்திப்போட்டு நான் பார்த்ததில்லை.

அப்புறம் அந்தக் கத்தரிக்கோல். பத்து மாத்திரை அட்டையில் ஆறு மட்டும் வேண்டும் என்றால், காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் எந்த ஓரத்தில் அச்சாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டித் தருவீர்கள். தேதி உள்ள துண்டு உங்களிடமே தங்கும், கடைசி மாத்திரை விற்கிறவரை. எனக்குத் தரும் துண்டின் தேதியைப் பழுப்புக் கவரில் பேனாவால் எழுதுவீர்கள், கூடவே 1-0-1, சாப்பாட்டுக்குப் பின். இதற்கு யாரும் உங்களுக்குக் கூடுதலாகக் காசு தருவதில்லை. இப்படி ஒரு வேலை நடக்கிறது என்பதே வாங்குகிறவருக்குத் தெரியாது.

அம்மாவின் தைராய்டு மாத்திரை விஷயத்தை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். டாக்டர் கால்சியம் மாத்திரையும் எழுதித் தந்திருந்தார். அம்மா இரண்டையும் காலையில் ஒன்றாகப் போட்டு, காபியும் குடித்துவிடுவார். சீட்டை வாங்கிப் பார்த்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டையும் எப்போ போடுறாங்க?" தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். குறைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் அதிலிருந்து நாலு மணி நேரமாவது தள்ளி. சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. டோஸ் போதவில்லை என்று கூட்டிக்கொண்டே போவார்கள் என்றீர்கள். கால்சியம் மதியத்துக்குப் போனது. காபியைத் தள்ளிவைப்பதுதான் பெரும்பாடு. எழுபது வயதில் ஒரு தமிழ் அம்மாவிடம் போய் விடிந்ததும் காபி கிடையாது என்று சொல்லிப் பாருங்கள்! இன்றுவரை அதற்காக உங்களைத்தான் திட்டுகிறார், ஆனால் அரை மணி நேரம் பொறுத்துவிடுகிறார்.

2025 அக்டோபரில் ஒரு நாள் உங்கள் கடையில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடாவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தி வந்துகொண்டிருந்த நேரம். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். டைஎத்திலீன் கிளைக்கால் என்கிற விஷம் அதில் இருந்ததும் நம் மாநிலப் பரிசோதனையில்தான் தெரிந்தது. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்தே கொடுக்க வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறையும் சொல்லியிருந்தது. ஒரு பாட்டி பேரனுக்கு இருமல் டானிக் கேட்டு வந்தார். எத்தனை மாதம் என்று கேட்டீர்கள். இன்னும் ஒரு வயது ஆகவில்லை. தர மாட்டேன் என்றதும், "காசு குடுத்துத்தானே கேக்குறேன், சும்மாவா கேக்குறேன்?" என்று கத்த ஆரம்பித்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் பதிலுக்குக் கத்தியிருப்பார்கள், இல்லையென்றால் தொல்லை விட்டது என்று ஒரு பாட்டிலை நீட்டியிருப்பார்கள். நீங்கள் கவுண்டரை விட்டு வெளியே வந்து, "மூச்சு வேகமா வாங்குதா, நெஞ்சு குழியுதா, பால் குடிக்குதான்னு பாருங்கம்மா. இதுல எது இருந்தாலும் உடனே புத்தூர் ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று இரண்டு தடவை சொன்னீர்கள். பாட்டி முணுமுணுத்துக்கொண்டே போனார். அதே தெருவில் வேறொரு கடையில் வாங்கியிருக்கவும் கூடும். அது உங்கள் கையில் இல்லை.

இதில் எனக்குப் புரியாதது உங்கள் கணக்குதான். அம்மாவின் பி.பி. மாத்திரைக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று நான் அலுத்துக்கொண்டபோது, "டாக்டர்ட்ட கம்பெனி பெயர் இல்லாம மருந்தோட மூலப்பெயர்ல எழுதித் தரச் சொல்லுங்க, மக்கள் மருந்தகத்துல பாதிக்கும் கீழ கிடைக்கும். இல்லைன்னா முதல்வர் மருந்தகத்துல கேளுங்க" என்று நீங்களே வழி சொன்னீர்கள். முன்னது மத்திய அரசுத் திட்டத்தின் மலிவு விலை மருந்துக்கடை, பின்னது மாநில அரசுத் திட்டத்தினுடையது. 2025 பிப்ரவரியில் ஒரே நாளில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். ஆன்லைனில் வேறு தள்ளுபடியை அள்ளி வீசுகிறார்கள். கடை வாடகை, கரண்டு, பையன் சம்பளம் எல்லாம் இருக்கும்போது, வந்த வாடிக்கையாளரை எதிர்க்கடைக்கு அனுப்புகிற வியாபாரம் எப்படி ஓடுகிறது? கேட்டால் சொல்ல மாட்டீர்கள். என் ஊகம், இப்படி அனுப்பப்பட்ட எல்லோரும் மற்ற மருந்துக்கெல்லாம் திரும்ப உங்களிடமே வருகிறார்கள் என்பது. நானும் அப்படித்தான். பி.பி. மாத்திரையை மட்டும் இனியும் மக்கள் மருந்தகத்தில்தான் வாங்குவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாராட்டு போதும், இரண்டு கோரிக்கை. ஒன்று, வயதானவர்கள் கால்மாற்றிக் கால்மாற்றி நிற்கிறார்கள், கவுண்டர் ஓரமாக ஒரு ஸ்டூல் போடுங்கள். இன்னொன்று, புதிதாக வந்திருக்கும் பையன் நல்ல சுறுசுறுப்பு, ஆனால் போன வாரம் அட்டையைத் தேதிப் பக்கத்திலிருந்தே வெட்டினான். நான் சொன்னால் கேட்க மாட்டான், நீங்கள் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தைராய்டு மாத்திரை அம்மாவின் மகன்