புதிதாக யோகா தொடங்குகிறவருக்கு வாரம் எத்தனை நாள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 21 யோகா தினத்துக்கு நீங்கள் போட்ட சிறப்புப் பக்கங்களைப் பார்த்தேன். ஆசனங்களின் படமும் செய்முறையும் தெளிவாக இருந்தன. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் கேட்பது வாரத்துக்கு எத்தனை நாள் செய்யலாம், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்பதைத்தான், அதற்கு ஒரு வரிகூட இல்லை. அது தெரியாமல் தொடங்கி நான் பட்ட பாட்டை இன்னொருவர் படக்கூடாது, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு 46 வயது. ஈரோட்டில் வீட்டிலேயே துணி தைக்கிறேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மிஷின் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருப்பதில் இடுப்புவலி வந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துத் தெருவில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். 21 நாள் விடாமல் வரவேண்டும், தினமும் ஒரு மணி நேரம், ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதலிலிருந்து என்றார்கள். நாலாம் நாளே தொடை இரண்டும் கட்டை மாதிரி இறுகிப்போய்ப் படி இறங்க முடியவில்லை. சொன்னால், ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், விடாமல் செய்யுங்கள், சரியாகிவிடும் என்ற பதில்தான் வந்தது. ஒன்பதாம் நாள், உட்கார்ந்து காலை நீட்டி முன்னால் குனிகிற பச்சிமோத்தாசனத்தில் கால்விரலைத் தொட இன்னும் நாலு விரற்கடை இருந்தபோது பின்னாலிருந்து முதுகை ஒரு அழுத்து அழுத்தினார்கள், வலது தொடைக்குப் பின்னால், உட்காரும்போது தரையில் படுகிற எலும்புக்குப் பக்கத்தில், சுரீர் என்று இழுத்தது. அப்புறம் வகுப்புக்குப் போகவில்லை, போகவும் முடியவில்லை. பெடலை மிதிக்கக் காலை நீட்டினாலே அதே இடத்தில் குத்தும். ஆறு வாரம் இடது காலால் மிதித்துத் தைத்தேன், வேகம் கைக்கு அடங்காமல் தையல் கோணிக்கொண்டே போகும், பிரித்துப் பிரித்துத் திரும்பத் தைத்து வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன தேதியில் கொடுக்க முடியாமல் போயிற்று.

அரசுத் தலைமை மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. அங்கே இருந்த பெண் மருத்துவர் என்னைக் குப்புறப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். பழகாத தசைக்கு வேலை கொடுத்தால் வலி அன்றைக்கே முழுசாகத் தெரியாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்குப் போகும். தசை சில வாரங்களில் பழகிவிடும், ஆனால் தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கிற நாண் அவ்வளவு சீக்கிரம் பழகாது, மாதக்கணக்கில் ஆகும். எனக்கு இழுத்தது அந்த இடத்தில்தான்.

வலி போன பிறகு அவர் சொன்னபடி தொடங்கினேன். திங்கள், புதன், வெள்ளி மட்டும் ஆசனம், கடைசி ஐந்து நிமிஷம் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கிற சவாசனத்தையும் சேர்த்து மொத்தம் 25 நிமிஷம். மற்ற நாட்களில் கழுத்து, தோள், மணிக்கட்டு, கணுக்காலைச் சுழற்றி, நிதானமாக மூச்சை இழுத்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவேன். இரண்டு மாதம் கழித்து வாரம் நாலு நாள் ஆக்கினேன், இப்போது ஐந்து. செய்த நாளைக் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டுவைப்பேன். தீபாவளித் தையல் நெருக்கத்தில் பன்னிரண்டு நாள் வட்டமே விழவில்லை, அதற்காக முதலிலிருந்தும் தொடங்கவில்லை, விட்டதையெல்லாம் ஒரே நாளில் பிடிக்கவும் பார்க்கவில்லை. முதல் வாரம் பாதி நேரம் மட்டும் செய்து மெதுவாகப் பழைய அளவுக்கு வந்தேன்.

தினமும் செய்தால்தானே யோகா என்று என் தங்கையே கேட்டாள். யோக சூத்திரத்தில் பதஞ்சலி சொன்னது நெடுங்காலம், இடைவிடாமல், ஈடுபாட்டோடு என்றுதான், சரி. அந்த நெடுங்காலத்தை யாரும் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். ஒன்பது நாள் தினமும் செய்து ஆறு வாரம் முடங்கியதைவிட, வாரம் மூன்று நாள் என்று தொடங்கி இன்றுவரை கைவிடாமல் வந்தது பெரிது. மைசூரில் வளர்ந்த அஷ்டாங்க யோக முறையில் வருஷக்கணக்காகக் கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களே வாரம் ஒரு நாளும், பௌர்ணமி அமாவாசையும் ஓய்வு எடுக்கிறார்கள். அவர்களுக்கே அப்படியென்றால், நேற்றுப் பாய் விரித்தவருக்கு ஓய்வு நாள் வேண்டாமா? ஆயுஷ் அமைச்சகத்தின் பொதுப் பயிற்சிமுறை 45 நிமிஷம். நல்ல முறைதான். முதல் மாதமே அதை முழுசாகத் தினமும் செய்ய வேண்டுமென்று யாரும் மலைக்க வேண்டாம், பாதியாகப் பிரித்துச் செய்யலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மறுநாள் காலையில் தொடையும் கெண்டைக்காலும் பரவலாக வலித்தால் அது தசை வலி, சில நாளில் போய்விடும். மூட்டுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் சுரீரென்றால் அந்த ஆசனத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உங்கள் பக்கத்தில், தோளை ஊன்றிக் காலை மேலே தூக்கி நிற்கிற சர்வாங்காசனத்துக்குப் பெரிய படம் போட்டிருந்தீர்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் கண்ணில் நீரழுத்த நோய் உள்ளவர்களும் அதைச் செய்யக்கூடாது என்ற எச்சரிக்கை பக்கத்தில் இல்லை. மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுகிற கபாலபாதிக்கும் அப்படித்தான், கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும் என்று இல்லை. என் வீட்டு மாடியில் குடியிருக்கும் அம்மாவுக்கு 67 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். சர்வாங்காசனத்தை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு வந்தேன். உங்கள் நாளிதழ் போகிற மற்ற வீடுகளுக்கு நான் போக முடியாது. அடுத்த வாரமே ஒரு யோகா மருத்துவரிடம் கேட்டு, யாருக்கு எது கூடாது, வாரம் எத்தனை நாள் என்று ஒரு பத்தியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு.