செயலாளரின் ஆண்டறிக்கை: சுவாமிமலை வார்ப்புச் சிற்பக் கலைஞர் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த ஸ்தபதிகளே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிக்க இருப்பதால், ஒரு செய்தியை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கோருகிறேன்.

நம் மூத்த ஸ்தபதி ஒருவரின் பட்டறையில் சென்ற ஆடி மாதம் பதினாறு வயதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அடிதடி வழக்கொன்றில் சிக்கியிருந்த அவனைத் தாயார்தான் கையோடு அழைத்துவந்தார். தொழில் குடும்பத்தில் பிறவாத, அதுவும் இப்படிப்பட்ட ஒருவனைச் சேர்க்கலாமா என்று நம்மில் சிலர் கேட்டோம். நானும் கேட்டேன், அதற்காக இன்று வருந்துகிறேன். மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி இயங்கினாலும், பன்னிரண்டாம் வகுப்பை எட்டாதவனுக்கு அங்கே இடமில்லை; பட்டறைதான் வாசல்.

18 வயது நிரம்பாதவர்களை அபாயகரமான தொழிலில் ஈடுபடுத்துவதை குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 ஆம் ஆண்டுத் திருத்தம் தடுப்பதால், ஸ்தபதி அவனை உலைப் பக்கம் விடவில்லை. தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து, தாள அளவு, அதாவது சிலையின் உறுப்புகளுக்கான விகித அளவு, குறிப்பதையும், தேன்மெழுகில் குங்கிலியப் பிசின் சேர்த்துப் பதமாகப் பிசைவதையும் மட்டுமே கற்றுக்கொடுத்தார்.

பங்குனியில், மெழுகுச் சிலையின்மேல் காவிரி வண்டல் பூசி நிழலில் உலர வைத்திருந்த அச்சு ஒன்றை, விரைவில் காயட்டும் என்று அவன் வெயிலில் எடுத்துவைத்துவிட்டான். மண் வெடித்தது, உள்ளே மெழுகு நெகிழ்ந்து சிலையின் கை விரல்கள் ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றி, பின் மண்ணை உடைக்கும் நம் முறையில் ஒரு சிலைக்கு ஒரே அச்சுதான் என்பதால், ஸ்தபதியின் மூன்று வார உழைப்பு அத்தோடு போயிற்று. பயந்துபோய் வீட்டுக்கும் செல்லாமல் கடைத்தெருவில் உட்கார்ந்திருந்தவனை அவரே தேடிச்சென்று, "ஓடிப்போனா வெடிச்ச மண்ணு ஒட்டிக்குமா? வாப்பா, சாப்பிட்டுட்டு வேலையைப் பார்ப்போம்" என்று அழைத்துவந்தார். மறுநாள் மண்ணை உதிர்த்து மெழுகை மீட்டபின், விரல்களை மட்டும் அவனையே செய்யச் சொன்னார். ஏழு முறை உருக்கி, எட்டாம் முறை செய்த விரல்களே இப்போது அச்சுக்குள் இருக்கின்றன.

வரும் ஆவணியில் அவனுக்கு 18 வயது நிறைகிறது. இதுவரை பயிற்சிப்படியை ஸ்தபதி தம் கைப்பணத்திலிருந்தே கொடுத்துவருகிறார். வார்த்த சிலையை அராவும் வேலைக்குத் தம் பழைய அரங்களையும் தந்திருக்கிறார். இனி அந்தப் படியைச் சங்கம் ஏற்கவும், கருவி உதவி தொழில் குடும்பத்தாருக்கு மட்டுமே என்ற நம் விதியை நீக்கி அவனுக்கு உளிகள் வாங்கித் தரவும் பேரவையின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

செயலாளர்