படிவத்தில் கட்டம் இல்லாத புண்

ஆசிரியருக்கு வணக்கம்.

பக்கத்து மாவட்ட மருத்துவமனை ஒன்றுக்குத் தேசியத் தரச் சான்று கிடைத்த செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். சந்தோஷம்தான், அதற்காக அங்கிருக்கும் சிஸ்டர்கள் எத்தனை நாள் நேரம் கழித்து வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கொரோனா நேரத்திலும் ஐசியுவில் செவிலியர் பராமரிப்பு குறைவில்லாமல் நடந்ததற்கு ஆவணங்கள் இருக்கின்றன என்று அதில் ஒரு வரி வருகிறதே, அதைப் படித்துவிட்டு காபி ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆவணங்கள் இருக்கும், இல்லாமல் என்ன? வேறொரு ஊரில் அப்படிப்பட்ட ஆவணங்களை எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

2021 மே மாதம் நான் ஓர் அரசு மருத்துவமனையில் ஐசியு இன்சார்ஜ். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆளுக்கு ஒரு செவிலியர் என்றுதான் நாங்கள் படித்தது. எங்களுக்கு நைட் டூட்டியில் ஒரு செவிலியருக்கு ஐந்து நோயாளிகள், சில ராத்திரி ஆறு. அதிலும் பாதிப் பேர் பிரசவ வார்டிலிருந்தும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்தும் அவசரத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள், அலாரம் அடித்தால் தொண்டைக்குள் போகும் மூச்சு ட்யூபைப் பார்ப்பதா மெஷினைப் பார்ப்பதா என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டவர்கள். பிபிஇ கிட்டுக்குள் பட்ட பாட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதை விடுங்கள். கேஸ் ஷீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

உள்ளே போன காகிதம் வெளியே வரக் கூடாது. அதனால் உள்ளே இருப்பவர் கண்ணாடியில் ஒட்டி வைத்துக் காட்ட, வெளியே இருப்பவர் பார்த்துப் பார்த்து எழுதுவார். ஆள் இல்லாத ராத்திரிகளில் அதுவும் கிடையாது. ஆறு மணி நேரம் முடிந்து கிட்டைக் கழற்றி, குளித்துவிட்டு வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஞாபகத்திலிருந்து எழுதுவோம்: இரண்டு மணிக்குத் திருப்பிப் படுக்க வைத்தது, நான்கு மணிக்கு வாய் சுத்தம் செய்தது, தலைமாட்டை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தி வைத்தது. பாதி நடந்தது, பாதி நடந்திருக்க வேண்டியது. பொய் எழுதுகிறோம் என்று நினைத்து யாரும் எழுதவில்லை, கட்டம் காலியாக இருந்தால் மறுநாள் மெமோ வரும், அவ்வளவுதான்.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாற்பது வயது இருக்கும், கவிழ்த்துப் படுக்க வைத்தால் ஆக்சிஜன் அளவு ஏறும், நிமிர்த்தினால் இறங்கிவிடும். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் குப்புறவே கிடந்தார். வென்டிலேட்டரோடு ஒருவரைக் கவிழ்க்க, ட்யூபைப் பிடித்துக்கொள்ள ஒருவரையும் சேர்த்து, ஐந்து பேராவது வேண்டும். எங்கள் ஆடிட் படிவத்தில் இருந்த கேள்வி, முதுகு பராமரிப்பு செய்யப்பட்டதா என்பது. டிக் போட்டிருந்தோம். முதுகு நன்றாகத்தான் இருந்தது, குப்புறக் கிடப்பவருக்கு முதுகில் எதற்குப் புண் வரப்போகிறது? புண் வந்தது கன்னத்திலும் மோவாயிலும், ட்யூபைக் கட்டிய நாடா அழுத்திய உதட்டோரத்திலும். அதற்குப் படிவத்தில் கட்டமே இல்லை. அந்த மாதம் எங்கள் ஐசியுவில் படுக்கைப்புண் பூஜ்யம் என்று ரிப்போர்ட் போயிற்று. அவர் பிழைத்துக்கொண்டார். மாஸ்க்கை இறக்கியதும் அவர் மனைவி முதலில் கேட்டது, கன்னத்தில் என்ன சிஸ்டர் என்றுதான்.

தேசியத் தர விதிமுறையை நான் குறை சொல்லவில்லை. 2013-இலிருந்து இருக்கிறது, நல்ல யோசனையோடுதான் எழுதியிருக்கிறார்கள். நேரில் பார், ஊழியரிடம் கேள், நோயாளியிடம் கேள், பதிவேட்டைப் பார் என்று நான்கு வழிகளைச் சொல்கிறது. கொரோனா ஐசியுவில் நோயாளி மயக்க மருந்தில் இருந்தார், சொந்தக்காரர்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள், சோதிக்க வரவேண்டியவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்கூட வரவில்லை. ஊழியரிடம் கேட்டிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. மிஞ்சியது பதிவேடு, அதை எப்படி எழுதினோம் என்பதைத்தான் மேலே சொன்னேன்.

சாவுகளையாவது திரும்ப எண்ணினார்கள். 2020 ஜூலையில், சென்னையில் பட்டியலில் விடுபட்டுப்போன 444 மரணங்களைக் குழு போட்டுக் கண்டுபிடித்துக் கணக்கில் சேர்த்தது அரசு. சங்கடமான வேலை, செய்தார்கள். பராமரிப்பில் விடுபட்டதை எண்ண எந்தக் குழுவும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இங்கிலாந்தில் முதல் அலையின்போது, ஐசியு பயிற்சி பெற்ற ஒரு செவிலியர், மற்ற வார்டு செவிலியர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆறு பேர் வரை பார்க்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அதை நல்லது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தளர்த்தியதை எழுத்தில் தளர்த்தினார்கள், பிறகு யாரும் கேள்வி கேட்க அது இடம் கொடுத்தது. எங்கள் இடத்தில் வாயாலேயே தளர்த்திக்கொண்டோம், படிவம் மட்டும் பழைய படிவம். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது: ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, முப்பது நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. அது சாதாரண காலம், சாதாரண வார்டு. ஐந்து பேரையும் ஆறு பேரையும் வைத்திருந்த எங்களுக்கு மதிப்பெண் போட்ட தாளில், ஒரு செவிலியருக்கு எத்தனை பேர் என்ற கேள்வியே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், பெருந்தொற்றுக் காலத்து ஐசியு ஆடிட்டில் முதல் வரி அந்த எண்ணாக இருக்கட்டும். அந்த ஷிஃப்டில் ஒரு சிஸ்டருக்கு எத்தனை நோயாளிகள், அந்த சிஸ்டர்களில் எத்தனை பேருக்கு ஐசியு பயிற்சி உண்டு. அதற்கப்புறம் மற்றதைக் கேளுங்கள். 'செய்தேன்', 'செய்யவில்லை' என்பதோடு 'செய்ய முடியவில்லை' என்று மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும், அதில் டிக் போட்டால் மெமோ வரக் கூடாது.

இது கற்பனை யோசனை இல்லை. ஜூன் மாதம் கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது, இரண்டு வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டில் 'முடியவில்லை' என்பதை மட்டும் எழுதச் சொன்னேன், பெயர் எழுத வேண்டாம் என்றேன். முதல் இரண்டு நாள் நோட்டு காலி, என்னை நம்பவில்லை. அப்புறம் நிரம்பியது. மருந்து, ஊசி பெரும்பாலும் விடுபடவில்லை. விடுபட்டது வாய் சுத்தம், கண்ணுக்கு மருந்துபோட்டு மூடுவது, ட்யூபைத் தொண்டைக்குள் இறுக்கிப் பிடித்திருக்கும் காற்றுப்பையின் அழுத்தத்தைப் பார்ப்பது (அளக்கும் கருவி ஒன்றே ஒன்று, மற்ற நேரம் விரலால் அழுத்திப் பார்த்ததுதான்). திருப்பிப் படுக்க வைப்பது ராத்திரி இரண்டிலிருந்து ஐந்துக்குள் விடுபட்டது, காரணம் அந்த நேரத்தில்தான் ஆண் பணியாளர்கள் டூட்டி மாறுவார்கள். அந்த மாற்றத்தை ஒரு மணிக்கு நகர்த்தினோம். செலவு ஒரு பைசா இல்லை, அடுத்த வாரம் நோட்டில் அந்த வரியே குறைந்துவிட்டது. நோட்டை மேலே காட்டினேன். இதெல்லாம் எழுத்தில் இருப்பது ஆபத்து, கிழித்துவிடுங்கள் என்றார்கள்.

அன்றைக்கு எங்களோடு நின்று வேலை கற்றவர்கள் பலர் 2020-இல் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்கள். 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது என்று மாநிலம் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பிவிட்டார்கள். கன்னத்தில் புண் வராமல் கவிழ்க்கத் தெரிந்த கைகள் அவை. அந்தக் கணக்கு எந்தத் தரச் சான்றில் வரும் என்று தெரியவில்லை.

உங்கள் நிருபர் அடுத்த முறை சான்றிதழ் வாங்கும் படம் எடுக்கப் போகும்போது, ராத்திரி மூன்று மணிக்கு ஐசியுவில் எத்தனை நோயாளிக்கு எத்தனை சிஸ்டர் என்று கேட்டு, அந்த எண்ணையும் படத்துக்குக் கீழே போடச் சொல்லுங்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். நோட்டில் எழுதிய பிள்ளைகளில் சிலர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்