கையுறை வாங்கும்போது கையையும் பாருங்கள்

அரசு மருத்துவமனைகளுக்குக் கையுறை வாங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆபரேஷன் தியேட்டரில் 29 வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிறந்தது காசிமேடு, இப்போது இருப்பது பழைய வண்ணாரப்பேட்டை. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. யாரையும் மாட்டிவிட இதை எழுதவில்லை.

ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குக் குடலில் ஓட்டை விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவுக்குக் கை சின்னது, அளவு 6. ஸ்டோரில் இருந்ததோ 7½ மட்டும். வேறு வழியில்லாமல் அதையே போட்டுவிட்டேன். ஒவ்வொரு விரல் நுனியிலும் நெல்மணி அளவுக்கு ரப்பர் தொங்கியது. வயிற்றின் ஆழத்தில் ரத்தக் குழாய் ஒன்றைக் கட்டும்போது அந்த நுனி நூலோடு சேர்ந்து முடிச்சுக்குள் சிக்கிக்கொண்டது. விரலை எடுத்தார், முடிச்சு நழுவி ரத்தம் குபுக்கென்று மேலே வந்தது. கிளாம்ப் போட்டுப் பிடித்து மறுபடி கட்டினார். நோயாளி பிழைத்தார். வெளியே வந்ததும் டாக்டரம்மா, "என் விரல் எங்க முடியுதுன்னே எனக்குத் தெரியல சிஸ்டர்" என்றார். அப்போது அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

வயிற்றுக்குள் ரத்தம் தேங்கி நிற்கும்போது கண்ணால் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. விரல்தான் தேடும். துடிப்பது எது, கல் மாதிரி கெட்டியாக இருப்பது எது, நூல் இறுகிவிட்டதா, இன்னும் இழுத்தால் அறுந்துவிடுமா, எல்லாம் விரலுக்குத்தான் தெரியும். 2, 3 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு முனைகளை விரல் நுனி தனித்தனியாக உணரும். கையுறையின் கனம் சுமார் 0.2 மில்லிமீட்டர். தோலோடு ஒட்டிப் படிந்திருந்தால் அது பெரிய தடையில்லை. சுருக்கம் விழுந்தால் அவ்வளவும் போச்சு. இறுக்கமாக இருந்தாலும் ஆபத்துதான், மூன்று மணி நேரத்தில் விரல் மரத்துவிடும்.

என் அப்பா வாசலில் உட்கார்ந்து யாரிடமாவது பேசிக்கொண்டே வலை பொத்துவார். வலையைப் பார்க்கவே மாட்டார். கட்டைவிரல் ஓடிக்கொண்டே இருக்கும், நைந்த கண்ணி வந்தால் தானாக நிற்கும். தியேட்டரில் நல்ல சர்ஜன்களின் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டைவிரல்தான் ஞாபகம் வரும்.

அறுவை சிகிச்சையில் ரப்பர் கையுறை வந்ததே ஒரு நர்ஸின் கைக்காகத்தான். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸுக்குக் கிருமிநாசினி பட்டுக் கையெல்லாம் வெந்துபோனது. 1889, 90 வாக்கில் டாக்டர் ஹால்ஸ்டெட் அவருக்காக மெல்லிய ரப்பரில் இரண்டு ஜோடி செய்து தரும்படி குட்இயர் கம்பெனியைக் கேட்டார். ஒருவருடைய கைக்கென்று தொடங்கிய சாமான் இது. இன்று நாம் பெட்டிக் கணக்கில் வாங்குகிறோம், அது யார் கைக்கு என்று கேட்பதில்லை.

கையுறையில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு ஒழுகுகிறதா என்று பார்க்கிறார்கள். அது அவசியமான சோதனை, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் ஓட்டை தெரியும், விரலுக்கு என்ன தெரியும் என்பது தெரியாது. டெண்டர் முடிவாகும் முன் மாதிரி ஜோடிகளைத் தியேட்டருக்கு அனுப்புங்கள். டாக்டர்களும் நர்ஸுகளும் போட்டுப் பார்த்து, மெல்லிய நூலில் பத்து முடிச்சுப் போட்டுப் பார்க்கட்டும். அவர்கள் சொல்வதையும் விலையோடு சேர்த்துக் கணக்கில் எடுங்கள்.

அப்புறம் அளவு. இப்போது பெண் சர்ஜன்கள் எவ்வளவு பேர் வந்துவிட்டார்கள்! இன்னும் 7, 7½ என்றே குவித்தால் எப்படி? அந்த எண் கிட்டத்தட்ட உள்ளங்கையின் சுற்றளவு, அங்குலக் கணக்கில். கட்டைவிரலை விட்டுவிட்டு அளக்க வேண்டும், ஒரு ஆளுக்கு அரை நிமிஷம் ஆகாது. எம்.சி. ரோட்டில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால்கூட அளவு எடுக்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டார்கள். ஒவ்வொரு தியேட்டரிலும் எந்த அளவுக்கு எத்தனை கை என்று எழுதி வாங்கி, அதன்படி ஆர்டர் போடுங்கள். இரண்டு ஜோடி ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிறவர்களில் பலருக்கு உள்ளே அரை அளவு பெரியது வேண்டியிருக்கும், அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அளவெடுக்க ஆள் இல்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, எங்கே என்றாலும் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தியேட்டர் நர்ஸ்,
பழைய வண்ணாரப்பேட்டை