சுப்பீரியர் ஏரிக்கரைக் காடு துண்டுபடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கோடைச் சுற்றுலாப் பக்கத்தில் சுப்பீரியர் ஏரியின் வடகரைப் படங்களைப் பார்த்தேன். ரொறன்ரோவிலிருந்து வினிப்பெக்குக்குப் பதினொரு வருடமாகப் பாரவூர்தி ஓட்டுகிறேன். கரையை ஒட்டிப் போகும் 17ஆம் நெடுஞ்சாலையின் ஒவ்வொரு வளைவும் எனக்குப் பாடம். அந்தப் படங்களில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஏரி என்றதும் எங்கள் மனதில் குளம்தான் வரும். இது ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீற்றர். முழு இலங்கையையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். ஆடி மாதத்திலும் கை விறைக்கும் தண்ணீர். அந்தக் குளிரால் ஆர்க்டிக் செடிகள் சில இன்னும் கரைப் பாறை வெடிப்புகளில் உயிர் வாழ்கின்றன. ஒன்ராறியோவின் தென்கோடிக் கரிபூ மான்கள் வாழ்ந்ததும் இந்தக் கரையில்தான்.

இதே கரையில் உள்ள புக்காஸ்குவா தேசியப் பூங்கா 1,878 சதுர கிலோமீற்றர். மரம் வெட்டும் கம்பனிகளுக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் 1970களில் இருந்த இருபது முப்பது கரிபூவும் தேய்ந்து, இன்று இல்லையென்றே சொல்லலாம். வேலிக்கு உள்ளே காவல் இருந்து என்ன, வெளியே காடு போய்விட்டதே. முதிர்ந்த காட்டை வெட்டினால் இளந்தளிர் முளைக்கும். அதைத் தின்ன மூஸ் என்ற பெரிய மான் பெருகும். மூஸுக்குப் பின்னால் ஓநாய் வரும், வந்தது கரிபூவையும் வேட்டையாடும். வெட்டுப் பாதைகளே அதற்கு ராஜபாட்டை.

நீஸ் மாகாணப் பூங்காவில் ஒருமுறை காற்றில் முறிந்து விழுந்த ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் கிளையொன்றைக் கையில் எடுத்தேன். கிளை தெரியாமல் சாம்பல் பச்சையில் நரைமுடி போல லைக்கன் தொங்கியது, சமையலில் போடும் கல்பாசியின் இனம். விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. பனிக்காலத்தில் கரிபூவுக்கு இதுதான் சோறு. கிழட்டு மரங்களில்தான் இப்படி அடர்ந்து தொங்கும். நேற்று நட்ட கன்றில் கிடைக்காது.

இதே ஏரியில் உள்ள மிசிபிகோட்டன் தீவின் கதை இன்னும் கொடியது. 1980களில் கொண்டுவந்து விட்ட ஒரு சில கரிபூ, ஓநாய் இல்லாத அந்தத் தீவில் 600ஐத் தாண்டிப் பெருகின. 2014இல் ஏரி உறைந்தது. பனிக்கட்டி மேல் ஓநாய்கள் நடந்து வந்தன. நாலே வருடத்தில் கிட்டத்தட்ட எல்லாம் முடிந்தது. மிசிபிகோட்டன் முதற்குடி மக்கள் விடாமல் குரல் கொடுத்ததால், 2018இல் எஞ்சியவற்றில் சிலவற்றை ஹெலிகொப்டரில் தூக்கி வேறு தீவுகளில் விட்டார்கள். தீவு நல்ல அடைக்கலம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு கூட்டம் அழிந்தால் ஈடுசெய்ய எதிர்க்கரையில் இன்னொரு கூட்டம் வேண்டும். அது இல்லாமல் போனதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது.

2015இல் தண்ணீருக்குள் 10,000 சதுர கிலோமீற்றருக்கு மேல் கடல்சார் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள், நல்லது. கரையில் பூங்காக்கள் இன்னும் தனித்தனித் துண்டுகளாகவே கிடக்கின்றன. இவற்றுக்கு நடுவே உள்ள அரச காட்டையும், வடக்கே கரிபூ வாழும் பெருங்காட்டுக்குப் போகும் வழியையும் வெட்டாமல் விட வேண்டும்.

ஒன்ராறியோவின் வன மேலாண்மைத் திட்டங்கள் பொதுமக்கள் கருத்துக்கு வரும். யாரும் எழுதலாம், எங்கள் ஆட்கள் எழுதி நான் கேள்விப்பட்டதில்லை. இந்தக் கரையைத் தொடும் திட்டம் அடுத்து வரும்போது, கடைசித் தேதியோடு அதை உங்கள் முதல் பக்கத்தில் போடுங்கள். நான் எழுதுகிறேன், என்னோடு வண்டி ஓட்டும் பெடியளையும் எழுத வைக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஸ்காபரோ